வேகவதிக்கு ஒரு வராளி

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
14.6.2023

அன்புள்ள தம்பி தேவேந்திரனுக்கு,

அக்கா குழலி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் காயத்ரியும் சுகமாக இருக்கிறோம். நாகபுரி வெயில் எப்படி இருக்கிறது? உன் வலது தோள் வலி குறைந்ததா? ரயில்வே ஆபீஸ் வேலைக்குத் தோள் தேவையில்லை, வயலின் வில்லுக்குத் தேவை. எண்ணெய் தேய்த்துக்கொள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று உன் மனைவி சிரிப்பாள். சிரிக்கட்டும். போன வருஷத்துக் காய்ச்சலில் இரண்டு காதும் போன பிறகு போன் எனக்கு வெறும் டார்ச் லைட். காயத்ரி வாட்ஸ்அப்பில் எழுதக் கற்றுக்கொடுத்தாள். மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்குப் புள்ளி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் பொறுமை போய்விடுகிறது. எனக்குப் பேனா போதும்.

நீ சொல்லி அனுப்பிய பாடகி சுகாசினி சென்னையிலிருந்து வந்து போனாள். நல்ல பெண். நான் சுருதிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன், தொடையில் அதன் நடுக்கம் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு நம் பெரியண்ணனின் பதினோரு பாட்டையும் பாடினேன். அவள் எழுதிக்கொண்டு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். சுருதி விலகவில்லை போலிருக்கிறது.

ஏகாம்பரநாதருக்கும் காமாட்சிக்கும் வரதருக்கும் பாட்டுக்கு என்ன பஞ்சம்? நம் அண்ணன் பாடியது யாரும் திரும்பிப் பார்க்காத சாமிகளுக்கு. பஸ் டிப்போவுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இருக்கிற லிங்கம், சாக்கடை ஓரத்துப் பிள்ளையார், வருஷத்தில் ஒரு நாள் மட்டும் பூட்டுத் திறக்கிற அம்மன். "பெரிய சாமிக்குப் பாட ஆயிரம் பேரு இருக்காங்க குழலி. இந்தச் சாமிங்க யாரு பாட்டக் கேட்டுக்கினு தூங்கும்?" என்பார். கடைசியில் பரமசிவம் என்கிற அந்த மனுஷரும் அந்தச் சாமிகளைப் போலவே ஆகிவிட்டார். அவர் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாட்டெல்லாம் என் தொண்டையிலேயே கிடந்தன. நான் போவதற்குள் அவற்றை நாலு பேர் கேட்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

இனி எழுதுவதை உன் மனைவிக்குப் படித்துக் காட்டாதே. ஒரு மாதமாக அண்ணன் பாடுகிறார். காது கேட்காத எனக்குக் கேட்கிறது.

முதலில் எங்கோ கூழ் ஊற்றுகிறார்கள், மைக்செட் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். காயத்ரியைக் கேட்டேன். அவள் உதட்டைப் பார்த்தால் எனக்குப் புரியும். "மைக்செட்டா? ஒண்ணும் இல்லமா, தெருவே கம்முனு இருக்குது" என்றாள். அப்புறம்தான் அந்தக் குரலைக் கவனித்தேன். எப்போதும் சளி பிடித்த மாதிரி இருக்குமே, அதே குரல்.

அவர் பாடுவது பதினோரு பாட்டில் ஒன்று இல்லை. பன்னிரண்டாவது. உனக்குத் தெரியாது. காயத்ரியைப் பெற்றெடுத்து நான் அம்மா வீட்டில் படுத்திருந்தபோது, அண்ணன் தறியில் உட்கார்ந்து தனக்குத்தானே வராளி ராகத்தில் ஒன்று பாடிக்கொண்டிருந்தார். திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் வந்து சேருகிற நம் ஊர் வேகவதியைப் பற்றிய பாட்டு. "எனக்கும் சொல்லிக் கொடுண்ணே" என்று உள்ளே இருந்து கத்தினேன். "வராளிய சொல்லித் தரக்கூடாதுமா. தந்தா ரெண்டு பேருக்கும் ஆவாது. நான் பாடிக்கினே இருக்கேன், நீயா கேட்டுப் புடிச்சிக்கோ" என்றார். பச்சை உடம்பு, குழந்தை அழுகை. பல்லவிக்கு மேல் எனக்குக் கேட்கவில்லை. நான் புகுந்த வீட்டுக்குத் திரும்பிய மறு மாதம் காமாலை வந்து அண்ணன் போய்விட்டார்.

இப்போது அதே பல்லவியைப் பாடுகிறார்.

கடைசியாய் வந்து கலந்தவளே, உன்னைக்
கரையில் நின்று அழைத்தது யார்?

ஸ்வரம் தனித்தாளில் வைத்திருக்கிறேன். வாசித்துப் பார்த்து எழுது.

உன் அக்கா,
ஏலவார்குழலி


நாகபுரி
2.7.2023

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி தேவேந்திரன் வணக்கம். இங்கே எல்லோரும் நலம். தோள் வலி அப்படியேதான் இருக்கிறது, எண்ணெய் தேய்க்கிறேன். உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்துவிட்டு, மேலே ஒரு வேலையும் ஓடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்ததும் வயலினை எடுத்தேன். அது அண்ணன் வழிதான், அக்கா. காந்தாரத்தில் ஏறி அங்கேயே கொஞ்சம் நின்று இறங்குவதை வேறு யாரும் செய்து நான் கேட்டதில்லை. "அழைத்தது யார்" முடிந்த இடத்தில் வில்லை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் கை நின்றுவிட்டது.

ஆனால் நீங்கள் ஒரு நல்ல டாக்டரைப் பார்க்க வேண்டும். காது போனவர்கள் சிலருக்கு இப்படிப் பாட்டுக் கேட்குமாம், படித்திருக்கிறேன். அது அண்ணன் குரலா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. மேலே கேட்டால் எழுதி அனுப்புங்கள் என்று சொல்ல ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

நல்ல செய்தி ஒன்று. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கில் சுகாசினி கச்சேரி. அண்ணன் பாட்டு மூன்று பாடப்போகிறாள். வயலின் நான்தான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
தேவேந்திரன்


காஞ்சிபுரம்
25.7.2023

அன்புள்ள தேவேந்திரா,

சுகம். நீங்கள் எல்லோரும் சுகந்தானே? கச்சேரிச் செய்தி படித்து வாசலில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு ரேணுகாம்பாள் "உங்க அண்ணன் பாட்டுலாம் எழுதுவாரா?" என்று கேட்டாள். நாற்பது வருஷமாக எதிர்வீடு. பார்த்துக்கொள்.

டாக்டரைப் பார்த்தேன். சின்ன வயசுப் பெண். எல்லாவற்றையும் எனக்குத் தாளில் எழுதிக் காட்டினாள். காதிலிருந்து சத்தம் வராததால் மூளை தன்னிடம் இருக்கிற பழைய பாட்டை எடுத்துப் போட்டுக்கொள்கிறதாம். பைத்தியம் இல்லை, பயப்பட வேண்டாம் என்று எழுதி அடிக்கோடு போட்டாள். ஒரு மாத்திரை தந்திருக்கிறாள். சாப்பிட்டால் சில வாரத்தில் நின்றுவிடுமாம்.

பழைய பாட்டைத்தான் மூளை போடும் என்றால், எனக்கு முழுசாகத் தெரியாத பாட்டை எப்படிப் போடுகிறது என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மாத்திரை சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிரிக்கவில்லை. உனக்குக் கோபம் வரும். ஆனால் தேவேந்திரா, அவர் இன்னும் பல்லவியைத் தாண்டவில்லை. "அழைத்தது யார்" என்று நிறுத்துகிறார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி முதலிலிருந்து. மறந்துபோய் நிற்கிறவர் நிற்பது மாதிரி இல்லை. தண்ணீர் கேட்டுவிட்டு டம்ளருக்குக் கை நீட்டி வைத்திருப்பவர் மாதிரி நிற்கிறார். பாட்டு முழுசாக வந்துவிடட்டும், அன்றைக்கே மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன்.

தூக்கம் சரியில்லை. செவிலிமேட்டுப் பக்கம் போனபோது பின்னால் வந்த டவுன் பஸ்ஸைக் கவனிக்கவில்லை. டிரைவர் இறங்கி வந்து திட்டினார். உதடு வேகமாக ஆடியதால் என்ன திட்டினார் என்று தெரியவில்லை, அந்த மட்டும் லாபம். காயத்ரிதான் அழுதாள். "யாருகூடமா பேசிக்கினு போற?" என்று கேட்டாள். நான் பேசவில்லை, கேட்டுக்கொண்டு போனேன்.

கச்சேரி முடிந்ததும் இங்கே வா. மயிலாப்பூரிலிருந்து எட்டி நடந்தால் காஞ்சிபுரம்.

அக்கா,
குழலி


நாகபுரி
26.8.2023

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். கச்சேரி நன்றாக நடந்தது. உடனே திரும்ப வேண்டியிருந்ததால் ஊருக்கு வர முடியவில்லை, மன்னித்துவிடுங்கள். மாத்திரையைத் தயவுசெய்து ஆரம்பியுங்கள். பஸ் விஷயம் படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

தம்பி,
தேவேந்திரன்


காஞ்சிபுரம்
4.9.2023

தேவேந்திரா,

சுகம், சுகம். உன் சுகத்தை நீ சொன்னால்தானே தெரியும்? மூன்று பாட்டுக்கு மூன்று வரிக் கடிதம்!

எந்தப் பாட்டை முதலில் பாடினாள்? வேப்பமரத்து லிங்கத்துக்கு ஜனங்கள் தலையாட்டினார்களா? பிள்ளையார் பாட்டில் சிரித்தார்களா? அண்ணன் பெயரைச் சொன்னாளா? உன்னைப் பார்க்க வேண்டும் என்று கேசரிக்கு ரவை வறுத்து வைத்திருந்தேன். மயிலாப்பூரிலிருந்து ரயில் ஏறிப் போய்விட்டாய்.

"நன்றாக நடந்தது." இதையே அண்ணனும் ஒரு தடவை என்னிடம் சொன்னார், உனக்கு நினைவிருக்கிறதா? எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம், தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் உற்சவத்தில் அவர் மேடையேறிப் பாடிவிட்டு வந்த அன்று. நீ சுருதிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் வந்தாய். நான் கதவைத் திறந்தேன். "நல்லா நடந்துச்சிமா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதன்பிறகு எந்த மேடையிலும் அவர் ஏறவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

விவரமாக எழுது.

குழலி


காஞ்சிபுரம்
22.10.2023

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? காயத்ரி போனில் கேட்டால் "மாமா நல்லா இருக்காராம்" என்கிறாள். எனக்கு மட்டும்தான் நீ நல்லா இல்லை போலிருக்கிறது.

நீ சொல்லாததை நானே பார்த்துவிட்டேன். கச்சேரியை யாரோ யூடியூபில் போட்டிருக்கிறார்கள். காயத்ரி டிவியில் வைத்துக் காட்டினாள். சத்தம் எனக்கு எதற்கு? முதலில் உன்னைப் பார்த்தேன், இளைத்திருக்கிறாய். பிறகு ஜனங்களைப் பார்த்தேன். கேமரா பின்னாலிருந்து எடுத்ததால் தலைகள்தான் தெரிந்தன. அண்ணன் பாட்டு ஆரம்பித்ததும் ஒவ்வொரு தலையாக எழுந்து போனது. பிள்ளையார் பாட்டுக்கு ஒரு தோள்கூடக் குலுங்கவில்லை.

கோபத்தில் டிவியை அணைக்கப் போனவள் மிருதங்கக்காரரின் கையைப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தேவேந்திரா, அந்தக் கை எங்கேயுமே நிற்கவில்லை.

நான் செய்த தப்பு அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது. தறியில் பிறந்தவளுக்குத்தான் முடியும்.

நான் அண்ணனுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை போட்டது உனக்குத் தெரியும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் வைத்து நெய்கிற சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். அவர் உடல் நூல் சுற்றிய நாடாவைத் தன் பக்கத்திலிருந்து ஓட்டிவிட்டு நிற்பார். என் பக்கத்துக் கரை நாடாவை நான் போட்டால்தான் அவர் அடுத்ததை ஓட்ட முடியும். கரையில் பூ விழுகிற இடத்தில் எனக்கு நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் பாட்டையும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

போட்டுவிட்டேன் என்று தெரிவிக்க முதலில் "ம்" என்பேன். அப்புறம் அந்த "ம்"மை ராகத்தில் இழுத்தேன். அப்புறம் அவர் கேள்வியாகவே நிறுத்த ஆரம்பித்தார். "கூரை உனக்கு யார் போட்டார்?" என்று வேப்பமரத்து லிங்கத்தைக் கேட்டு நிற்பார். நான் நாடாவைப் போட்டபடியே "வேம்பு போட்டது, பூவும் போட்டது" என்று பாடுவேன். "சாக்கடை ஓரம் எப்படி இருந்தீர்?" என்று பிள்ளையாரைக் கேட்பார். "தும்பிக்கையைத் தூக்கிப் பிடித்து இருந்தேன்" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போவார். வாய்க்கு வந்ததைச் சொல்வேன், நல்லதாக அமைந்துவிட்டால் அதையே வைத்துக்கொள்வோம்.

சுகாசினிக்குப் பாடியபோது அண்ணன் வரிகளை மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பாடிக் கொடுத்தேன். தறியில் காத்திருப்பதை யாராவது பாட்டில் எழுதுவார்களா? அது வேலையோடு சேர்ந்தது, பாட்டோடு சேர்ந்தது இல்லை என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். மூச்சுவிட இடமில்லாமல் கேள்வி மேல் கேள்வியாக அடுக்கிப் பாடினால் யார்தான் உட்கார்ந்து கேட்பார்கள்? சுகாசினி மேல் தப்பே இல்லை.

இனியாவது உண்மையைச் சொல். உற்சவத்தன்று என்ன நடந்தது?

குழலி


நாகபுரி
5.11.2023

அன்புள்ள அக்கா,

எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணம் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

உற்சவத்தன்று நடந்ததை எழுதுகிறேன். சொல்லாதே என்று அண்ணன் கேட்டுக்கொண்டதால் சொல்லாமல் இருந்தேன். இப்போது அவரே உங்களிடம் வந்து பாடுகிறார் என்கிறபோது நான் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அண்ணன் உங்களையும் மேடைக்குக் கூட்டிப்போக அப்பாவிடம் கேட்டார். "நிச்சயமான பொண்ணு மேடையில உக்காந்தா சம்மந்தி வீட்ல என்னா பேசுவாங்க?" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இது உங்களுக்குத் தெரியும். தெரியாதது இனிமேல்தான்.

அண்ணன் தனியாகப் போய், எப்போதும்போலவே பாடினார். "கூரை உனக்கு யார் போட்டார்?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். மிருதங்கக்காரருக்கு ஒன்றும் புரியாமல் அவரும் நிறுத்திவிட்டார். கூட்டத்தில் யாரோ ஒருவர், "முனிசிபாலிட்டி போட்டுச்சிபா!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கேள்விக்கும் அண்ணன் நின்றார். அதற்கும் ஒருவர் கத்தினார். "ஐயே, மறந்துட்டாருபா" என்று ஒரு பெண் பரிதாபப்பட்டது இன்னும் காதில் இருக்கிறது. அண்ணன் ஒரு இடத்தைக்கூட ஒட்டிப் பாடவில்லை. மூன்று பாட்டிலும் உங்களுக்கான இடம் எல்லாவற்றிலும் நின்றார். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றார்.

வரும் வழியில் நான் அழுதுவிட்டேன். "ஏண்ணே நின்ன? சேத்து பாடிக்கினு போயிருக்கலாம் இல்ல?" என்று கேட்டேன். "அது குழலியோட எடம்டா. அத நான் எப்படி எடுத்துக்கறது?" என்றார். வீட்டு வாசல் வந்ததும், "நல்லா நடந்துச்சின்னு சொல்லு" என்றார்.

மயிலாப்பூர் ஒத்திகையில் அந்த இடங்கள் மூடியிருப்பதைக் கவனித்தேன். நீங்களே வேண்டுமென்று மூடிவிட்டீர்கள் என்று நினைத்தேன். கேட்டால் இதையெல்லாம் சொல்ல வேண்டி வரும். பேசாமல் வாசித்துவிட்டு வந்துவிட்டேன். பாட்டு எடுபடாமல் போனதைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தில் விழிக்கத் தைரியம் வரவில்லை.

இன்னொன்று. உங்கள் பழைய கடிதங்களை மறுபடியும் எடுத்துப் படித்தேன். "உன்னைக் கரையில் நின்று அழைத்தது யார்?" அக்கா, அவர் பாட்டை மறக்கவில்லை. கேள்வி கேட்டுவிட்டு நிற்கிறார். அந்தப் பாட்டை அவர் கட்டியபோது எதிர்ப்பக்கம் நீங்கள் இல்லை, கல்யாணமாகிப் போய்விட்டீர்கள். ஒரு தடவை பதில் பாடிப் பாருங்கள்.

தம்பி,
தேவேந்திரன்


காஞ்சிபுரம்
10.12.2023

அன்புள்ள தம்பிக்கு,

புயல் மழையில் எல்லோரும் பத்திரமாக இருக்கிறோம். தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டது, மொண்டு ஊற்றி இப்போது காய்கிறது. வேகவதியில் கரை தொட்டுத் தண்ணீர் போனது. பாலத்தில் குடையோடு நின்று ஊரே வேடிக்கை பார்த்தது. சாக்கடை என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் எல்லாம் அன்றைக்கு அதை ஆறு என்றார்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமைக்கவில்லை. காயத்ரி கடையில் இட்லி வாங்கி வந்தாள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அவரிடம் சண்டை போட முடியாது. அந்தச் சிரித்த ஜனங்களும் இதே ஊரில்தான் இருந்திருப்பார்கள். காய்கறி வாங்கும்போது ஒவ்வொரு கிழவர் முகத்தையும் பார்க்கிறேன், நீதானா என்று. சீ, இதென்ன புத்தி என்று திரும்பி வருகிறேன்.

நீ சொன்னபடி பதில் பாடவில்லை. பதில் தெரியாமல் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணன் இப்போது தினமும் வருகிறார். நான் அரிசி களையும்போது பாடுகிறார். பூ கட்டும்போது பாடுகிறார். காது போன முதல் மாதங்களில் வீட்டுக்குள் நான் மட்டும் எங்கோ தனியாக அடைத்துவைக்கப்பட்ட மாதிரி இருந்தது. இவர் வந்த பிறகுதான் அது போனது. பதில் பாடினால் மேலே பாடுவார். பாடினால் பாட்டு முடியும். முடிந்த பிறகு எதற்கு வரப்போகிறார்? மாத்திரை செய்வதை நானே என் வாயால் செய்த மாதிரி ஆகிவிடாதா?

பாடாவிட்டால் அந்த மனுஷர் "அழைத்தது யார்" என்று கேட்டபடி நான் சாகும்வரை நின்றுகொண்டே இருப்பார். மேடையில் நின்ற மாதிரி. அதையும் நினைத்துப் பார்க்கிறேன், தம்பி. இரண்டு பக்கமும் எனக்கு வழி தெரியவில்லை.

குழலி


நாகபுரி
21.12.2023

அன்புள்ள அக்கா,

இங்கே நல்ல குளிர். நீங்கள் தலையில் துணி கட்டிக்கொள்கிறீர்களா?

எல்லாவற்றையும் சுகாசினியிடம் சொன்னேன். "சார், நான் பாதிப் பாட்டத்தான் பாடியிருக்கேன்" என்றாள். இடம் விட்டு முதலிலிருந்து கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறாள். பிப்ரவரியில் அவளுக்கு ஒரு பெரிய அரங்கு கிடைத்திருக்கிறது. முழுக் கச்சேரியையும் அண்ணன் பாட்டாகவே வைக்கிறேன் என்கிறாள். பதினொன்று போதும். பன்னிரண்டாவது வேண்டும் என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பதில் பாடிப் பாருங்கள் என்று சுலபமாக எழுதிவிட்டேன். அண்ணனை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. எனக்குக்கூட அவர் குரல் மறந்துபோய் எவ்வளவோ காலமாகிறது. உங்கள் மேல் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

தம்பி,
தேவேந்திரன்


காஞ்சிபுரம்
25.1.2024

அன்புள்ள தம்பி தேவேந்திரனுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. உன் வீட்டிலும் பால் பொங்கியிருக்கும். உன் மனைவிக்கு ஒரு சேலை அனுப்புகிறேன், மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை. அதை உடுத்தும்போது ஒரு விஷயம் அவளுக்குச் சொல். தலைப்புக்குக் கொஞ்சம் முன்னால் கரைப் பூ ஒன்று கோணலாக இருக்கும். அந்தப் பூ போட்டபோதுதான் நான் பாடினேன்.

உன் கடிதம் வந்த பிறகும் நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம் காயத்ரி தறியில் உட்காரப் போனாள். கரை போட வருகிற பெண் பண்டிகைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். "எதிர்ப்பக்கம் நான் உட்கார்றேன்" என்றேன். "உன்னால முடியாதுமா, முட்டி வலிக்கும்" என்றாள். கேட்காமல் போய் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. முட்டி வலித்ததுதான்.

காயத்ரி மிதியை மிதித்தபோது அதிர்ச்சி என் காலுக்கு வந்தது. அண்ணன் ஆரம்பித்தார். "கடைசியாய் வந்து கலந்தவளே." காயத்ரியின் நாடா ஓடி வந்து நின்றது. கரையில் பூ விழுகிற இடம். "உன்னைக் கரையில் நின்று அழைத்தது யார்?" என்றுவிட்டு அண்ணன் நிறுத்தினார். காயத்ரியும் எனக்காகக் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு பேரும் எனக்காகக் காத்திருக்கும்போது நான் எப்படிச் சும்மா இருப்பது? கை தானாக நாடாவைப் போட்டது. வாயும் அப்படித்தான்.

எதிர்க்கரையில் நின்று நீ பாடினாய்,
அதைக் கேட்டு வந்தேன்.

யோசித்துப் பாடவில்லை. என் குரல் எனக்குக் கேட்கவும் இல்லை, நெஞ்சில் நடுங்கியது மட்டும் தெரிந்தது. காயத்ரி வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள். உடனே, தம்பி, அண்ணன் சிரித்தார். பிள்ளையார் பாட்டுக்குச் சிரிப்பாரே, அதே சிரிப்பு. சிரித்துவிட்டு மேலே போனார்.

தண்ணீர் வற்றிப் போனால் என்ன,
தடம் இருக்குது மணலிலே.
தடத்தைப் பார்த்து நடந்து வா,
தாமதம் ஆனால் ஆகட்டுமே.

ஒரே தடவைதான் பாடினார். கடைசி வரியில் குரலை இறக்கி ஷட்ஜத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் அடுத்ததுக்குக் காத்திருந்தேன். மறுபடி பல்லவி வரும் என்று காத்திருந்தேன். சாயங்காலம்வரை அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

அந்தக் காய்ச்சலில் எனக்குக் காது போனது என்று எல்லோரும் சொன்னார்கள். இல்லை தம்பி, அன்று மத்தியானம்தான் போனது. நிறைய அழுதேன். காயத்ரி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ பாடுனது நல்லா இருந்துச்சிமா" என்று என் கையில் விரலால் எழுதிக் காட்டினாள்.

இது அண்ணன் கட்டிய பாட்டா, என் மூளை கட்டியதா என்று அந்த டாக்டர் பெண் கேட்கலாம், சுகாசினியும் கேட்கலாம். கேள்வி அவருடையது, பதில் என்னுடையது என்று சொல். எல்லாப் பாட்டுமே அப்படித்தானே இருந்தன? மாத்திரையைப் பிரிக்காமலே மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

பன்னிரண்டுக்கும் ஸ்வரமும் வரிகளும் இதோடு வைத்திருக்கிறேன். என் பதில்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அவர் நின்ற இடங்களில் ஒன்றும் எழுதாமல் வெற்று இடம் விட்டிருக்கிறேன். சுகாசினி அங்கே பாடக்கூடாது, நீயும் வில்லைத் தொடக்கூடாது. மிருதங்கக்காரரையும் நிறுத்தச் சொல். யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மேடையில் சுகாசினிக்கு எதிரில், மிருதங்கக்காரரின் கை எனக்குத் தெரிகிற மாதிரி ஒரு பாய் போடு. அந்தக் கை நிற்கிற இடத்தில் நான் பாடுவேன். சுருதிப்பெட்டி மடியில் இருக்கும், விலகாமல் பார்த்துக்கொள்கிறேன். எந்தச் சேலை கட்டுவது என்று காயத்ரி இப்போதே சண்டை பிடிக்கிறாள்.

கச்சேரி எப்படி நடந்தது என்று இந்தத் தடவை யாரும் எனக்கு வந்து சொல்ல வேண்டாம். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அக்கா,
ஏலவார்குழலி